மழைச் சேதிக்கு என்ன விலை?

2018 நவம்பரில் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. கடலூர் மாவட்டம் தயாராகிக் காத்திருந்தது. 16-ம் தேதி அதிகாலை புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த புரெவி, பாம்பன் பக்கம் போய் வலுவிழந்து நின்றது. ஆனால், 2020 டிசம்பர் முதல் வாரத்தில் மழை கொட்டியது சிதம்பரத்தில். நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இந்த இரண்டையும் சொல்லி, 'வானிலை அறிக்கையைக் கேட்டு என்ன லாபம்?' என்பவர்கள் இந்தப் பக்கம் இன்றும் உண்டு.

கேள்வி நியாயம்தான். ஆனால், பலித்ததா பொய்த்ததா என்று மட்டும் பார்த்தால் லாபம் தெரியாது. சேதி கேட்டு எந்த வேலையை மாற்றினோம், அதனால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

சம்பாவுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா மேலுரம் என்று வைத்துக்கொள்வோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. வீசுகூலி 300 ரூபாய் என்றால் 566 ரூபாய் 50 காசு ஆகிறது. அன்றிரவே கனமழை பெய்து வரப்பு வழிந்தால் உரம் வாய்க்காலோடு போய்விடும். மூன்று நாள் தள்ளி இட்டால் பெரிய நஷ்டம் இல்லை. பத்து முறை தள்ளிப்போட்டு மூன்று முறைதான் மழை வந்தது என்றாலும் சுமார் 1,700 ரூபாய் கையில் நிற்கும். உளுந்துக்கும் இதே கணக்குதான். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மெழுகு பதத்தில் விதைத்த உளுந்து, தண்ணீர் கட்டினால் அழுகிவிடும்.

அறுவடைக்கணக்கு கொஞ்சம் வேறு. ஐந்து நாள் முன்னால் அறுத்தால் இரண்டு மூட்டை குறையும், விட்டுவைத்துப் பயிர் சாய்ந்து முளைத்தால் பத்து மூட்டை போகும் என்று கொள்வோம். அப்போது மழைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே அறுப்பதுதான் லாபம். 'ஓரிரு இடங்களில்' என்று அறிக்கை சொன்னால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்கு வரைதான் மழை பதிவாகும் என்று பொருள். நம் ஊரில் தூறவில்லை என்பதற்காக அறிக்கை பொய் ஆகாது.

ஆனால், அறுக்க இயந்திரம் வேண்டுமே! 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா டெல்டா முழுக்கச் சாய்ந்தது. எச்சரிக்கை வந்த அன்று எல்லோரும் ஒரே இயந்திரத்தைத்தான் தேடுவார்கள். வாடகை ஏறும். பத்து ஏக்கர்காரரின் வயலுக்குப் போன வண்டி, ஒரு ஏக்கர்காரரிடம் வருவதற்குள் மழை வந்துவிடும். அறுத்த நெல்லும் 17 சதவிகித ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். வாசலில் குவித்துவிட்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு, தார்ப்பாய் இல்லாமல் மழைச் சேதி மட்டும் கிடைத்து என்ன பயன்? அங்கே சேதியின் விலை சுழியம்தான். அதற்கு வானிலை மையத்தைக் குறை சொல்ல முடியாது. நாலைந்து சிறு விவசாயிகள் முன்கூட்டியே சேர்ந்து ஒரு இயந்திரத்தைப் பேசிவைத்தால், அதே சேதிக்கு விலை கூடும்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அடுத்த ஐந்து நாளுக்கான வேளாண் வானிலை அறிவுரை வருகிறது. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். செல்போன் பிள்ளைகள் கையில் இருக்கிறது என்றால், அவர்களையே படிக்கச் சொல்லி, வீட்டு நாள்காட்டியில் அறிக்கை சொன்னது, பெய்தது, அன்று செய்த வேலை என மூன்றையும் குறித்து வரலாம். ஒரு சம்பாப் பட்டம் முடிந்ததும் கூட்டிப்பார்த்தால் அந்த வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும்.