எம்.சி.யைக் குழுவில் போடாதீர்கள்

பாடாங் செராயில் பால்மரம் சீவிய குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். உடம்பு முடியாதவர்கள் எல்லார் முன்னாலும் கிராணியிடம் காரணம் சொல்ல வேண்டும். "நம்ம நோய் தோட்டத்துக்கே தெரிஞ்சிடும்" என்பார் அப்பா.

நான் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலை சுலபமாகட்டும் என்று நான்தான் அந்த விதியைப் போட்டேன்: விடுப்பு எடுப்பவர்கள் எம்.சி.யைப் படம்பிடித்துப் புலனக் குழுவில் அனுப்ப வேண்டும். மேலாளரும் சரி என்றார்.

ஒருநாள் மூத்த அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, எனக்கு என்ன நோய்னு நாப்பது பேருக்கு ஏன் தெரியணும்?" அவருடைய எம்.சி.யில் மருத்துவர் காரணத்தையும் எழுதியிருந்தார். யாரோ அதை வெளியே அனுப்பிவிட்டார்கள். குழுவில் அழித்தேன்; போனது போனதுதான். அப்பா நின்ற பெரட்டை நான் கைப்பேசிக்குள் கொண்டுவந்திருந்தேன்.

அதன்பிறகுதான் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். 2013 முதல் அமலில் உள்ள சட்டம். உடல்நல விவரத்தை அது தனிக் கவனத்துக்குரிய தரவாக வைத்திருக்கிறது. பொதுவாக, உரியவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

இரண்டாவது முறை நான் தனியாக எழுதவில்லை. தேநீர் நேரத்தில் தொழிலாளர்களோடு உட்கார்ந்தேன். மூன்று விதிகள் வந்தன. எம்.சி. ஒருவருக்கு மட்டும் போகும். ஷிப்ட் முடிந்தபின், அவசரம் தவிர, குழுவில் வேலை உத்தரவு கூடாது. தொழிலாளர் பெயர், அடையாள அட்டை எண் எதையும் சாட்ஜிபிடி போன்றவற்றில் போடக்கூடாது. மூன்றாவதைச் சொன்னவர் ஓர் இளைஞர். சாம்சுங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரல்களை அதில் போட்டதும், 2023-இல் அங்கே தடை வந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அக்கா கேட்டார்: "இது மேலாளருக்கும் உண்டா தம்பி?"

அதைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான்காவது விதியாக எழுதினேன். மேலாளர் சற்று யோசித்துவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார்.

அக்கா இப்போது எம்.சி.யை உறையில் போட்டு என்னிடம் நேரில் தருகிறார். உறையை ஒட்டித்தான் தருகிறார். அந்த நம்பிக்கை திரும்ப இன்னும் நாளாகும்.