பேர்மிங்காம் இரும்புக் கட்டில்

எங்கள் சனங்களில் பலருக்கு இந்த நாட்டில் முதற் படுக்கை நிலத்தில் போட்ட மெத்தைதான். "கேஸ் முடியட்டும், பிறகு கட்டில் வாங்குவம்" என்று சொல்லிச் சொல்லியே நாலைந்து வருடங்களைக் கடத்திய குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. ஆகவே நான் பழைய கட்டில்களைப் பற்றி எழுதுவதைப் பார்த்து வாசகர்கள் சிரிக்க வேண்டாம்.

நான் பேர்மிங்காமில் ஒரு இரும்புச் சாமான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். படிப்பு ஓ.எல். வரைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரம் இரும்புக் கட்டிலுக்குப் பெயர் போன இடம் என்பதை, என்னோடு வேலை செய்த ஒரு வயதான வெள்ளைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதற்கு முன் இங்கேயும் பெரும்பாலும் மரக்கட்டில்தான். மரப் பொருத்துகளில் மூட்டைப்பூச்சி குடியிருக்கும். இரும்பில் அது ஒளிக்க இடம் குறைவு. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவவும் முடியும். அதனால் ஆஸ்பத்திரிகளும் படைமுகாம்களும் இரும்பை விரும்பின. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட தாதியர் நூலிலும் நோயாளிக்கு இரும்புக் கட்டிலையே சொல்கிறார். பிறகு அது சாதாரண வீடுகளுக்கும் வந்தது. இங்கிருந்து கப்பலேறி, பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்கும் போனது.

செய்த முறைதான் என்னைக் கவர்ந்தது. கம்பிகளை வரிசையாக அடுக்கி, அவை சந்திக்கும் இடங்களில் இரும்பு அச்சுகளைப் பூட்டி, உருக்கிய இரும்பை வார்ப்பார்கள். அச்சைத் திறந்தால் பூவோ உருண்டையோ போல ஒரு முடிச்சு இருக்கும். நாங்கள் அலங்காரம் என்று நினைப்பது உண்மையில் பொருத்து. பக்கச் சட்டங்களின் நுனி ஆப்புப் போல ஒடுங்கியிருக்கும். அதைக் காலில் உள்ள பொந்தில் இறக்கினால் சரி. ஆணியும் இல்லை, நட்டும் இல்லை. படுப்பவரின் பாரம் கூடக் கூடப் பிடி இறுகும். கழற்றுவதென்றால் கீழிருந்து மேலே தட்டினால் போதும்.

1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போரில் உலோகம் போருக்குப் போனது. பின்னர் சனங்களின் விருப்பமும் மரத்துக்குத் திரும்பியது. பல கட்டில்கள் பழைய இரும்பாக உருக்கப்பட்டன. தப்பியவற்றைத்தான் இப்போது பழம்பொருட் கடைகளில் நூற்றுக்கணக்கான பவுணுக்கு விற்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பித்தளை என்று சொன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். மெத்தை வாங்குமுன் கட்டிலை அளவுங்கள்.

சென்ற வருடம் ஒரு பழைய சாமான் கடையில், பித்தளை இல்லாத, கறுப்புப் பூசிய கட்டில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. "நாளைக்கு வேற இடத்துக்குப் போகச் சொன்னால் இந்தப் பாரத்தை எப்பிடிக் காவுறது?" என்று மனைவி கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஒரு சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டினேன். சட்டங்கள் கழன்று வந்தன. பிறகு அவரே அதைப் பூட்டினார்.

எங்கள் கேஸ் இன்னும் முடியவில்லை. மகள் மட்டும் நிலத்தின் குளிரை விட்டு ஒன்றரை அடி உயரத்தில் நித்திரை கொள்கிறாள். காத்திருக்கும் வருடங்களும் எங்கள் சீவியத்தில் சேர்ந்தவைதான். இரும்போ மரமோ, மலிவானதோ பழையதோ, ஒரு கட்டிலை வாங்கிப் போடுங்கள். போகும் நாள் வந்தால் கழற்றிக்கொண்டு போவோம்.