வெள்ளனே எந்திச்சாத்தான் ஞாயிறு

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

மாடிப் போர்ஷன், வாடகை குறைவு என்று தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு பாளையங்கோட்டையில் குடியேறினோம். ஏன் குறைவு என்பது பங்குனி முடிவதற்குள் விளங்கிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. நான் வேலூர்க்காரன். வெயிலூர் என்று பெயரெடுத்த ஊரில் பிறந்துவிட்டு வெயிலைப் பற்றிப் புலம்புவது கௌரவக் குறைச்சல்தான். இருந்தாலும் ஏசி வாங்கலாமா என்று இன்று பேச்செடுத்தேன். மாதத் தவணை எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று எழுதியே காட்டினேன். பேங்க்கில் வேலை பார்க்கிறவன் புத்தி.

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. “சவத்த விடுங்க. ஏசிய மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கதுக்கா கல்யாணம் முடிச்சோம்?” என்றாள். நெல்லை டவுனில் பிறந்து வளர்ந்தவள். மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளி லீவு விடப்போகிறார்கள். எனக்கு ஞாயிறும், ரெண்டாம் நாலாம் சனியும். பேசி முடிவானது இது: தவணைக்குப் போகிற பணத்தில் பெட்ரோல் போடுவது, விடியுமுன் கிளம்புவது, முடிந்தவரை உச்சி வெயிலுக்குள் வீடு வந்து சேர்வது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன் கண் விழித்துப் பழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “வெள்ளனே எந்திச்சாத்தான் இந்த ஊர்ல ஞாயித்துக்கெழம. பெறகு வெறும் வெயிலுதான்” என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

தலை விசு. நேற்று இரவே டவுனில் மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டோம். நாலரை மணிக்கு எழுப்பி, கண்ணைத் திறக்கக் கூடாது என்று கையால் பொத்தியபடி அவளே கூட்டிப்போனாள். பின்னாலிருந்து அத்தை, “பைய, பைய, வாசப்படி இருக்கு மாப்ள” என்றார். கையை எடுத்ததும் முதலில் தெரிந்தது கண்ணாடியில் என் தூங்குமூஞ்சி. அப்புறம்தான் கொன்றைப் பூ, மாம்பழம், பலா, வெற்றிலை, சில்லறைக் காசு. கனி காண்பது என்பது இதுதான். எங்கள் பக்கம் வருஷப் பிறப்புக்கு இந்த வழக்கம் கிடையாது. மாமா ஒரு புது நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்தார். தினமும் கட்டுக் கட்டாக நோட்டு எண்ணுகிறவனுக்கும் அது வேறு பணமாகத்தான் இருந்தது.

மதியம் சொதி. இந்த ஊர்ச் சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். தேங்காயை மூன்று முறை பிழிந்து மூன்று பால் எடுக்கிறார்கள். கடைசிப் பாலில் காய் வேகும், நடுப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்து கொதிக்கும், முதல் பாலை இறக்கும்போதுதான் விட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு சாப்பிட வேண்டும். இஞ்சி இல்லாவிட்டால் அவ்வளவு தேங்காய்ப்பால் செரிக்காது. வேலூரில் இதை ஊற்றினால், “சரி, குழம்பு எங்கே?” என்று கேட்பார்கள். நான் மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பாளையங்கோட்டையின் சர்ச்சுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பினோம். திருச்செந்தூர் ரோட்டில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களைக் கடக்கும்வரை குளிர்ந்த காற்று. அதற்குப் பிறகு கடல் காற்று. திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினம் தாண்டி, மணப்பாடு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கியதாகக் காட்டும் குகையும், மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயிலும் அங்கே இருக்கின்றன. மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். புதுத்துணியில் ஊரே கோயில் வாசலில் நின்றது. நாங்கள் மட்டும் ஹெல்மெட்டோடு.

திரும்பும்போது உடன்குடிப் பக்கம் ரோட்டோரத்தில் நிறுத்தினோம். பதநீர். பனையேறி அண்ணாச்சி ஒரு பச்சை ஓலையை விரித்து, இரண்டு ஓரத்தையும் கூட்டிப் பிடித்து, அதே ஓலையில் ஒரு நாரைக் கிழித்து முனையில் இறுக்கினார். தோணி மாதிரி ஒரு பட்டை. அதில் நுங்கை விரலால் நோண்டிப் போட்டு, கலயத்திலிருந்து ஊற்றினார். குடிக்கத் தெரிய வேண்டும். நான் நடுவில் வாய் வைத்து இரண்டு பக்கமும் சட்டையில் ஒழுகவிட்டேன். அவள் முனையில் வைத்துச் சொட்டுச் சிந்தாமல் உறிஞ்சினாள். பச்சை ஓலை வாசம், லேசாகச் சுண்ணாம்பு வாசம், அதற்கடியில் தித்திப்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடுமாம்.

“வெயில் ஏறிட்டுன்னா கேக்காதீங்க, காய்ச்சப் போயிரும்” என்றார் அண்ணாச்சி. பின்னால் கொட்டகையில் அவர் மனைவி தாச்சியில் கிண்டிக்கொண்டிருந்தார். பாகு முற்றியதும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. மரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற வேண்டும், பாளையின் நுனியைச் சீவிவிட வேண்டும், சீவாவிட்டால் வடியாது. பதநீர் விலையைப் பேரம் பேசுகிறவர்களை ஒரே ஒரு பனையில் பாதி உயரமாவது ஏறவிட வேண்டும் என்பது என் கட்சி.

ராத்திரி சிஎஸ்கே மும்பையிடம் ஒன்பது விக்கெட்டில் தோற்றது. பதநீரின் குளிர்ச்சி அதோடு போயிற்று.

ஏப்ரல் 27, ஞாயிறு

எங்கும் போகவில்லை, சாகசம் மொட்டைமாடிக்கே வந்துவிட்டது. நாலாம் சனியான நேற்றே அத்தை வந்து இறங்கி அரிசியை ஊறப்போட்டு அரைத்து வைத்துவிட்டார். நாலு மணிக்குக் கூழ் கிண்டும் சத்தத்தில்தான் விழித்தேன். ஜவ்வரிசி, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், கடைசியில் எலுமிச்சைச் சாறு. ஆறவிடக் கூடாது, கொதிக்கவும் கூடாது. கை பொறுக்கிற சூட்டில் அச்சில் போட்டு, தண்ணீரில் நனைத்து விரித்த என் பழைய வேட்டியில் பிழிந்துகொண்டே போனார்கள். சூரியன் எழுவதற்குள் வேட்டி நிரம்பிவிட வேண்டும். பாதியில் வெயில் வந்தால் துணி காய்ந்து, வத்தல் பிடித்துக்கொள்ளும்.

எனக்குக் காக்கா விரட்டும் உத்தியோகம். கறுப்புக் குடை, ஒரு கம்பு, பேப்பர். குடையை விரித்துக் கவிழ்த்து வைத்தால் காக்கா வராது என்றார் அத்தை. திருநெல்வேலிக் காக்கா குடைமேலேயே வந்து உட்கார்ந்தது. பிழியும் சிறுவர்களுக்குக் கூழ் கொடுப்பது மரபு. இந்த வீட்டில் சிறுவன் நான்தான் என்பதால் ஒரு கிண்ணம் நிறையக் கிடைத்தது. வேகவைத்த கூழுக்கு முன்னால் பொரித்த வத்தல் ஒன்றுமே இல்லை. சொன்னால் வேலை செய்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மத்தியானம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தாள். ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. மறுபடி முறத்தில் காய வேண்டும். “ஏசி இருந்திருந்தா இந்த வெயிலு வீணாத்தான போயிருக்கும்” என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. என்னிடம் பதிலில்லை.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடக்கம். மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போனோம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்; ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே ஊர் அறிவித்துவிட்டது. வீட்டு வேம்பிலும் கருவேலத்திலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கின்றன. வாசலில் எச்சம் விழுகிறதே என்று யாரும் கல்லெடுப்பதில்லை. தீபாவளிக்கு இங்கே வெடி இல்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

ஊருக்குள் நுழையுமுன்னே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். காதைப் பிளக்கும் இரைச்சல். அத்தனையும் குஞ்சுகள். வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை. அலகோடு அலகைத் தட்டும், அவ்வளவுதான். “அன்னா பாருங்க” என்று ஒரு வேம்பைக் காட்டினாள். கூட்டின் விளிம்பில் தாய் நாரையோ தந்தையோ, கிழக்கே முதுகைக் காட்டி, இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்து நின்றது. நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை அசையவில்லை. எதற்கு இப்படி நிற்கிறது என்று யோசித்தபோதுதான் கூட்டுக்குள்ளே குஞ்சுகள் அந்த நிழலில் ஒண்டியிருப்பது தெரிந்தது. வெயில் ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது. நாரைக்கு யார் மணி சொல்கிறார்களோ.

மே 11, ஞாயிறு

சண்டை. வேலூரில் அம்மா காத்திருக்கிறாள். லீவு முடிவதற்குள் ஒரு வாரம் போய் வரலாம் என்றேன். ஒரு வாரமா, மூன்று நாளா என்பதில் ஆரம்பித்து, கல்யாணத்தில் யார் வீட்டார் யாரைக் கவனிக்கவில்லை என்பதுவரை போயிற்று. பாகிஸ்தானுடனான போர்ப் பதற்றத்தில் ஐபிஎல்லையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். முகத்தை டிவிக்குள் ஒளித்துக்கொள்ளவும் வழியில்லை.

சாயங்காலம் வண்ணார்பேட்டை ஆற்றுப் பாலத்துக்கு நடந்தோம். சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறந்தது, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தேதாராக இருந்தவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தது. “பொண்டாட்டி தன் நகையக் கழட்டிக் குடுத்தான்னு சொல்லுவாங்க” என்றாள். நான் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். அந்த நகை எத்தனை பவுன் இருக்கும் என்றுதான் கேட்கத் தோன்றியது. அவள் சிரித்துவிட்டாள். வேலூருக்கு ஐந்து நாள் என்று பாலத்தின் நடுவில் முடிவாயிற்று.

மே 18, ஞாயிறு

கல்யாண வீடு. மொய் எழுதினோம், சாப்பிட்டோம், மண்டபத்து ஏசியில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். மண்டபத்து ஏசியைத்தான் நான் மெச்சினேன், வேறொன்றும் சொல்லவில்லை. முறைத்தாள்.

மே 25, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு முன்கூட்டி வந்ததில்லையாம். குற்றாலம் என்றாள். செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம். சேரன்மகாதேவி வரை வெயில், அம்பாசமுத்திரத்தில் மேகம், பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பருவம்.

பேரருவியில் குளிக்கத் தடை. செம்மண் நிறத்தில் ஆர்ப்பரித்து விழுந்த தண்ணீரின் முன்னே போலீஸார் கயிறு கட்டி நின்றார்கள். சோப்பும் துண்டுமாக வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். சலிப்பதற்கு ஒன்றுமில்லை. போன வருஷம் இதே மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது.

குளிக்காத நேரத்துக்குச் சித்திர சபை கிடைத்தது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம், ஆடுகிற சிவனே ஓவியம்தான். தாமிர சபை அவள் ஊரில், நெல்லையப்பர் கோயிலுக்குள். ரத்தின சபை திருவாலங்காடு எங்கள் பக்கம் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அருவிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நாங்களும் தடை இல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டோம். பிறகு பிரானூர் பார்டர் கடைப் பரோட்டா. நனைந்த உடம்புக்கு அந்தச் சால்னாவின் காரம் தேவையாக இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறார்கள். கடைசி ஞாயிறு என்று அவளே பாபநாசத்துக்கு எழுப்பினாள். உண்மையில் நான் நாலு மணிக்கே விழித்துத்தான் கிடந்தேன். கோயிலுக்கு எதிர்ப் படித்துறையில் இறங்கினால் மீன்கள் கூட்டமாக வந்து காலைக் கடிக்கின்றன. முழங்கை நீள மீன்கள். கோயில் மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கித் தூவிக்கொண்டே இன்னும் ஒரு படி இறங்கினேன். காலில் ஏதோ சுற்றியது. பாம்பென்று கத்திவிட்டேன். இழுத்துப் பார்த்தால் ஒரு சேலை. அதன் முனையில் ஒரு சட்டை, அதன் கீழே கல்லிடுக்கில் வேட்டி, பாவாடை, குழந்தைத் துணி. பாவம் போகக் குளித்துவிட்டு உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள். எல்லாம் பாலியஸ்டர், மக்காது. தன்னார்வலர்கள் அவ்வப்போது வந்து அள்ளுகிறார்கள், மறுவாரம் மறுபடி நிறைகிறது. அவள் சேலையை முறுக்கிப் பிழிந்து, ஒரு வார்த்தை பேசாமல் கரையேற்றி வைத்தாள். கைக்கெட்டிய மட்டும் நாங்கள் எடுத்தது படியோரத்தில் ஒரு குவியலாகிவிட்டது.

பாபநாசம் வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குளித்த துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோங்கள். கீழே திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நாங்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.