வாசிக்காமல் வைத்த முத்திரை

கியோட்டோவில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் மாதம் இரண்டு முறை ஓர் அட்டை தொங்கும். கிளிப் மாட்டிய சாதாரண அட்டை, அதில் நாலைந்து தாள்கள். 'கைரன்பான்' என்பார்கள். தெருச் சேதிகள் எல்லாம் அதில்தான் வீடு வீடாகச் சுற்றி வரும். படித்துவிட்டு, நம் பெயருக்கு நேரே முத்திரையை வைத்து, அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். எனக்குச் சித்திர எழுத்தான கான்ஜி தெரியாது. வெளிநாட்டுப் பெயர்களை எழுதுகிற கத்தகானா மட்டும்தான் வாசிப்பேன். போனை அந்தத் தாள் மேல் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். அதைக்கூட நான் செய்ததில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் முத்திரையைக் குத்தி, பக்கத்து வீட்டில் மாட்டிவிட்டு வருவேன்.

2019 ஏப்ரலில் ஆய்வக வேலையாக அங்கே போனோம். ஒப்பந்தம் இரண்டு வருஷம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. கியோட்டோவில் திருவிழா இல்லாத மாதம் கிடையாது. திரும்ப இப்படி ஒரு வாய்ப்பு வராது, ஒன்றையும் விடக்கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவில் காலண்டரை ஒட்டிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன். மே 15 அவோய் மட்சுரி. ஜூலை 17 கியோன் மட்சுரி. ஆகஸ்ட் 16, முன்னோர்களை வழியனுப்ப ஐந்து மலைகளில் தீ மூட்டும் ஒகுரிபி. ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தேன்.

கியோன் மட்சுரியை மறக்க முடியாது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் மாகாணக் கணக்குக்கு 66 ஈட்டிகளை நட்டு வேண்டிக்கொண்டதில் தொடங்கியது என்கிறார்கள். அன்று காலை 23 தேர்கள் வந்தன. பெரிய தேர் ஒன்று பன்னிரண்டு டன் வரும். சட்டத்துக்கு ஆணி கிடையாது, எல்லாம் வைக்கோல் கயிற்றுக் கட்டுதான். சக்கரங்கள் திரும்பாது. அதனால் தெருமுனை வந்ததும் நிறுத்தி, பிளந்த மூங்கில்களைச் சக்கரத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடத்தை இழுக்கிறார்கள். ஒரே இழுப்பில் திரும்பாது. ஒவ்வொரு இழுப்புக்கும் தேர் கொஞ்சம் வழுக்கி நிற்கும், உச்சிக் கம்பம் வானத்தில் ஆடும், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் இதையே சொன்னேன். "ஒவ்வொரு தேரும் ஒரு தெருக்காரங்களோடதுப்பா. அவங்களே கட்டி, அவங்களே பிரிச்சு, அவங்களே பத்திரமா வச்சிக்கிறாங்க."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க தெருவுக்கு எதுடா?" என்றார்.

"எங்க தெருவுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா."

ஆகஸ்ட் முதல் வாரத்தில், எதிர் வீட்டுப் பெரியவர் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அந்த வருஷம் தெருப் பொறுப்பு அவருடையது. மகளின் பெயரைக் கேட்டார். யாழினி என்றேன். 'ழ' அவருக்கு வரவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "யாரினி?" என்று எழுதிக் காட்டினார். சரி என்று தலையாட்டினேன். ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் ஒரு சின்ன மரக்கூண்டு இருந்தது. உள்ளே மழுங்கிப்போன ஒரு கல், கழுத்தில் சிவப்புத் துணி. குழந்தைகளைக் காக்கும் ஜிசோ. கியோட்டோவில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். தினமும் அவரைத் தாண்டித்தான் சைக்கிளில் போவேன். ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, நாங்கள் மூவரும் கிளம்பி வந்தபோது கல்லை வெளியே எடுத்துக் கழுவி, முகத்துக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். இரண்டு பேர் ஏணியில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். 'இன்று' என்பது மட்டும் புரிந்தது. குனிந்து வணங்கி, கடிகாரத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

காலண்டரில் அன்றைய வட்டம் ஹிரோகவாரா. வடக்கே மலைக்குள் இருக்கும் சிற்றூர். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இரண்டு மணி நேர பஸ். யாழினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். இருட்டியதும் ஆண்கள் தீப்பந்தங்களைச் சுழற்றி, உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்த கூடையை நோக்கி எறிந்தார்கள். கூடை பற்றிக்கொண்டு எரிய, கம்பத்தைச் சாய்த்தார்கள். அழகுதான், மறுக்க மாட்டேன். மகள் அவள் அம்மாவின் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

தெருவுக்குத் திரும்பியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. மகளை நான் தூக்கிக்கொண்டிருந்தேன். ஜிசோ கூண்டுக்கு மேலே, ஏணி நின்ற இடத்தில், காகித விளக்குகள் வரிசையாகத் தொங்கின. அணைத்துவிட்டிருந்தார்கள். தெருவிளக்கின் வெளிச்சம் மட்டும் அவற்றின் மேல் விழுந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக மையால் எழுதியிருந்தது. எல்லாம் கான்ஜி, என் கண்ணுக்கு வெறும் கோடுகள். தாண்டிப் போயிருப்பேன். கடைசிக்கு முந்தின சிவப்பு விளக்கில் கண் தானாக நின்றது. அந்த ஒன்றை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது. யா. அதற்குக் கீழே நெடிலுக்கான கோடு, நின்ற வாக்கில். ரி. னி.

மறுபடியும் வாசித்தேன். காகிதம் புதுசு, மற்ற விளக்குகளைப் போலப் பழுப்பேறவில்லை. அந்தப் பெயருக்குரியவள் என் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை பெரியவரின் மனைவி ஒரு காகிதப் பை நிறைய மிட்டாயும், சோப்புக் குமிழி ஊதும் பொம்மையும் கொண்டுவந்து கொடுத்தார். போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். முந்தின நாள் தெருவில் நடந்த ஜிசோ விழாவில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து பெரிய ஜெபமாலையைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றினார்களாம். பெரிய மணி தன் முன்னால் வரும்போது தலைகுனிந்து வணங்க வேண்டும். பிறகு மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிப் பரிசுகள் கொடுத்திருக்கிறார்கள். குமிழிப் பொம்மை யாழினியின் சீட்டுக்கு விழுந்தது. கூடையை அவளுக்காக வேறொரு பிள்ளை வாங்கி வைத்தது. பத்து மணிக்குத் தொடங்க வேண்டியதை, எங்களுக்காகப் பதினைந்து நிமிஷம் தள்ளி வைத்திருக்கிறார்கள். இதையும் அந்த அம்மாள் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் துருவிக் கேட்டேன். எல்லாம் கைரன்பானில் இருந்திருக்கிறது, நான் முத்திரை வைத்த தாளில்.

"அடுத்த வருஷம் வாங்க" என்றார்.

அடுத்த வருஷம் கரோனா. கொள்ளைநோய் தீர எடுத்த கியோன் விழாவின் தேர் ஊர்வலத்தையே கொள்ளைநோய் நிறுத்திவிட்டது. மலைத்தீ சில புள்ளிகளாகச் சுருங்கியது. எங்கள் தெருவில் ஒரு துறவி வந்து தனியாக மந்திரம் ஓதிவிட்டுப் போனார். விளக்குகள் கட்டவில்லை. முகக்கவசத்தோடு யாழினி ஜிசோவுக்கு முன்னால் நின்று, "என் லைட் எங்கப்பா?" என்று கேட்டாள். பெட்டியில் இருக்கிறது என்றேன்.

2021 மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினோம். அந்த விளக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வாசலில் அட்டை தொங்கியது. சாமான்கள் கட்டிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் போனைக் காட்டி, ஒரு வரி விடாமல் வாசித்தேன். காகிதக் குப்பை எடுக்கும் கிழமை மாறுகிறது. தீயணைப்புக் கருவிகளைச் சோதிக்க ஆள் வருவார்கள். ஜிசோ கூண்டின் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கிறது, ஏப்ரலில் மாற்ற வேண்டும். முத்திரையை வைத்து, அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட்டு வந்தேன்.