மகளின் அடுக்களைச் சுவர்

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்கும் கூடத்துத் தரைக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். சமையல் மேடைக்கு மேலே, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டடி உயரச் சுவரைக் கடைசி வாரத்தில்தான் நினைப்பார்கள். கையிலிருந்த பணமும் மனத்திலிருந்த பொறுமையும் ஒருசேரத் தீர்ந்துபோன வேளை அது. கடைக்காரர் எதை எடுத்துக் காட்டுகிறாரோ அதுவே சுவரில் ஏறிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தச் சுவரின் முகத்தில்தான் ஒரு பெண் நாள்தோறும் விழித்தாக வேண்டும்.

எங்கள் காயல்பட்டினத்தில், திருமணத்திற்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து வாழ்வதுதான் வழக்கம். ஆதலால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வீட்டுக் கவலை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. என் இளைய மகளுக்காக, பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டிச் சென்ற ஆண்டு ஒரு சிறு வீடு எழுப்பினோம். கடன் வாங்காமல் முடிக்க வேண்டும் என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார்கள். அடுக்களைச் சுவருக்கென்று எஞ்சியது சிறு தொகையே. அந்தத் தொகைக்குள் மூன்று பெண்களின் விருப்பம் அடங்க வேண்டியிருந்தது. மகள் ஒருத்தி, நான் ஒருத்தி, எழுபத்தெட்டு வயதிலும் தம் கையாலேயே மீன் ஆணம் காய்ச்சும் என் உம்மா ஒருவர்.

மகளின் மனம் நான்கு அங்குலச் சதுர டைல்ஸில் இருந்தது. வெள்ளைப் பின்னணியில் நீலப் பூவும் கொடியும் ஓடும் வகை. "உம்மா, அங்கே நிற்கப்போவது நான்தானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உம்மா சொல்லிவிட்டார்கள்: "பூவெல்லாம் வேண்டாம் மகளே. எண்ணெய்ச் சொட்டு எது, பூவின் இதழ் எது என்று என் கண்ணுக்குத் தெரியாது." ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றொன்று காத்திருக்கிறது. வெளிர்ச் சுவருக்கு முன்னால் இருந்தால்தான் உப்புச் சாடியைக் கை தடவாமல் எடுக்க அவர்களால் முடியும்.

நீலப் பூ டைல்ஸை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இஸ்தான்புல் நகரின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலை 16ஆம் நூற்றாண்டில் கட்டிய சினான், அதன் உட்சுவர்களை இஸ்னிக் ஊரின் டைல்ஸால் நிறைத்தார். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக் கைவினைஞர்கள், பளபளப்பூட்டிச் சுட்ட களிமண் பலகைகளைச் சிறு உளியால் துண்டு துண்டாகக் கொத்தி, கவிழ்த்து அடுக்கி, முதுகில் சாந்து வார்த்துக் கோலமாக்குகிறார்கள். அந்த வேலைக்கு ஸுலைஜ் என்று பெயர். அந்த அரபுச் சொல்தான் போர்ச்சுகல் சென்று 'அஸுலேஜோ' ஆயிற்று. ஆனால் அவையெல்லாம் பல அடி தள்ளி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய சுவர்கள். அடுக்களைச் சுவரோ முகத்திலிருந்து ஒரு முழத் தொலைவில் நிற்கிறது. அங்கே பத்துப் பூ இருந்தால் கண்ணில் படுவது மூன்றுதான். மற்றவற்றைக் குக்கரும் எண்ணெய்ப் புட்டியும் மறைத்துக்கொள்ளும்.

கடைகளில் 'ஹைலைட்டர்' என்ற பெயரில் தேநீர்க் கோப்பையும் ஆரஞ்சுப் பழமும் அச்சிட்ட டைல்ஸ் விற்கிறார்கள். தேநீரும் பழமும் கண்முன்னே மேடையிலேயே இருக்கும்போது சுவரிலும் எதற்கு என்று நான் கேட்டதுண்டு. கடைக்காரர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களையும் மகள் சற்றுநேரம் எண்ணிப்பார்த்தாள். அவை சூளையில் சுடாதவை. கண்ணாடிமேல் சிமெண்டும் வண்ணமும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கப்படுபவை. கால் பட்டுப் பட்டு மெருகேறும் தரைக்கு அவை அழகு. மசாலா தெறிக்கும் சுவரில் வைத்தால் கறையை உறிஞ்சிக்கொள்ளும்.

பிறகு அளவுக்கு வந்தோம். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 24 அங்குலம். நீளம் 10 அடி. இந்த 24 என்ற எண்தான் முதலில் பேச வேண்டியது. 18 அங்குல உயர டைல் வைத்தால் மேலே 6 அங்குலத்துக்கு வெட்டுத் துண்டு வரும்; 15 அங்குலமென்றால் 9 அங்குலத் துண்டு. 12 அங்குலமென்றால் இரண்டு வரிசையில் மிச்சமின்றி முடிந்துவிடும். இரண்டடி டைலை நிற்கவைத்தால் ஒரே வரிசை. நான்கு அங்குலமென்றால் ஆறு வரிசை.

வணிகவியல் படித்த மகள், டைல்ஸின் விலையை மட்டும் பாராமல் இடைக்கோடுகளின் நீளத்தையும் தாளில் கூட்டிப் பார்த்தாள். நான்கு அங்குல டைல்ஸ் 180 வேண்டும். அவற்றுக்கிடையே ஓடும் கோடுகளின் மொத்த நீளம் 108 அடி. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல டைலை நிற்கவைத்தால் 30 போதும். கோடு 38 அடி. பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு அங்குலமென்றால் 10 டைல்ஸ். கோடு 18 அடி மட்டுமே. இப்போது பலரும் கேட்கும், செங்கல் வரிசைபோல் அடுக்கும் மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைலையும் கணக்கிட்டாள். 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவரிலிருந்து பெயர் பெற்ற வகை அது. அதற்கும் ஏறத்தாழ அதே 108 அடிதான் வந்தது.

கோட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று சகோதரிகள் கேட்கலாம். டைலின் முகம் கண்ணாடிபோல் மெருகுள்ளது; அதில் எதுவும் ஊறாது. இடைக்கோட்டை அடைக்கும் சிமெண்ட் பூச்சோ நுண்துளைகள் நிறைந்தது. மஞ்சளும் மிளகாயும் கலந்த எண்ணெய் அதற்குள் இறங்கிவிட்டால் சோப்புக்கு மசியாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் அதுவரை யாரும் கருத்துக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பெரிய கல்லாகப் போடுங்கம்மா. கோட்டுக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துத்தான் என் விரலெல்லாம் போயிற்று," என்றார்.

கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்ய மகளுக்கு மனமில்லை. உடைந்த சிமெண்ட் பலகை ஒன்றில் மாதிரி டைல்ஸை ஒட்டச் செய்தாள். ஒரு பாதியின் கோடுகளில் வெள்ளைச் சிமெண்டும் மறுபாதியில் எபாக்ஸிப் பூச்சும் அடைக்கச் சொன்னாள். நன்றாகக் காய்ந்தபின், உம்மாவின் மீன் ஆணத்து எண்ணெயைத் தடவி இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் எபாக்ஸிக் கோடு ஈரத்துணிக்கே வெளுத்தது. சிமெண்ட் கோடு மஞ்சள் பூத்து நின்றது. முற்றத்து வெயிலில் சில நாள் கிடந்தபின் அது மங்கியது உண்மை. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தோற்கும். ஆனால் அடுப்பு மூலைக்கு வெயில் எங்கிருந்து வரும்?

எபாக்ஸி விலை கூடியது. அங்கேதான் கோட்டின் கணக்கு கைகொடுத்தது. 108 அடிக்கு எபாக்ஸி அடைக்க எங்கள் தொகை போதாது. 38 அடிக்குப் போதும்.

அப்படியானால் 18 அடிக் கோடுள்ள இரண்டடி டைல்தானே மேல் என்று நான் எண்ணினேன். அதைக் கொத்தனார் தடுத்தார். தூக்குக் குண்டு விட்டு, நூல் பிடித்துச் சுவரைக் காட்டினார். நடுவில் கால் அங்குலம் புடைத்திருந்தது. நீளமான டைல் அந்தப் புடைப்பில் படியாது. முனைகள் துருத்தி நிற்கும், துருத்திய விளிம்பில் அழுக்குத் தங்கும். "சின்னக் கல் வளைவைத் தின்றுவிடும் அம்மா. பெரிய கல் காட்டிக்கொடுத்துவிடும்," என்றார். சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசலாம். அதற்குக் கூலி தனி. இறுதியில் எட்டுக்குப் பன்னிரண்டே நிலைத்தது. வெளிர் சந்தன நிறம், பளபளப்பு முகம். சொரசொரப்பு வகை கைக்கு இதமாக இருந்தாலும் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் விலக்கினோம். கோட்டுக்கு இளஞ்சாம்பல் நிறத்தை மகளே தேர்ந்தெடுத்தாள்.

ஒட்டும் நாளில் நான் அருகிலேயே நின்றேன். சாந்தில் ஒட்டும் இவ்வகை டைல்ஸை முன்னதாகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாந்தின் ஈரத்தை அவை குடித்துவிடும். முதுகில் ஐந்து இடத்தில் மட்டும் சாந்தை உருட்டிவைத்து அழுத்துகிறவர்கள் உண்டு. வேலை விரைவில் முடியும். பின்னர் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் கிணற்றுச் சத்தம் போடும். கனமான பாத்திரம் இடித்தால் அந்த இடம்தான் உடையும். எங்கள் கொத்தனார் முழுமுதுகும் பூசித்தான் ஒட்டினார். ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பார்த்துக்கொண்டோம்.

மகளுக்கு முழு நிறைவு இல்லை. "பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருக்கிறது," என்றாள். அவள் சொன்னதில் சிறிது உண்மையும் இருந்தது. சாப்பாட்டு அறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டடிக்கு இரண்டடி இடம் வெறுமையாக இருந்தது. நான்கு அங்குல டைல்ஸ் அங்கே 36 போதும். அவள் ஆசைப்பட்ட நீலப் பூவை அங்கே பதித்தோம். அங்கே தண்ணீர்தான் தெறிக்கும், எண்ணெய் தெறிக்காது. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கை கழுவும்போது அதைத்தான் பார்க்கிறார்கள். அடுக்களைச் சுவரைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

முப்பது வேண்டிய இடத்தில் 35 டைல்ஸ் வாங்கியிருந்தோம். இரண்டு, மின்பெட்டிக்கு வெட்டும்போது உடைந்தன. ஒரே பெயரில் பிறகு வாங்கினாலும் நிறம் சற்றே மாறிவரும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருந்த லாட் எண்ணைக் கிழித்தெடுத்து, மிஞ்சிய மூன்றோடு சேர்த்துப் பரணில் வைத்தேன். சென்ற வாரம் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. மற்றொன்றை உம்மா தம் ஊறுகாய்ச் சாடிக்கு அடியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.