40 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு ஜீப் உடம்பும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் இருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டே, ஜன்னலில் வரையாடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். போன மாதம் நாங்கள் போனபோது யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டியிருந்த கயிற்றின் மேல்தான். கயிற்றுக்குள் இருந்தது ஒரு பழைய ஜீப்பின் உடம்பு.

அந்த உடம்பு என் பெரியப்பாவுக்கு. எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் கழித்துவிட்ட ஜீப்பை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். பெரியம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி, அதே 40 வளைவிலும் இறக்கிப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த வண்டி அது. அக்கா பிறந்த கதையை எங்கள் வீட்டில் ஜீப்பை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. பெரியம்மா இப்போது இல்லை. ஜீப் இருக்கிறது. ஆனால், பாதிதான் இருந்தது.

வால்பாறை மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே! பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. சேஸிஸும் இன்ஜினும் தாங்கிவிட்டன. தகடு தாங்கவில்லை. கால் வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் கீழே புல் தெரியும்.

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி மாடல்தான் பெரியப்பாவுடையது. பானெட் உயரமாக, முகம் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்குமே, அதுதான். உள்ளே இருந்த ஹரிக்கேன் இன்ஜின் பழசைவிட உயரம், அதனால் பானெட்டையும் உயர்த்தினார்கள். ஆகவே வேறு மாடல் ஜீப்பின் உடம்பைக் கொண்டுவந்து இதன்மேல் அப்படியே கவிழ்த்துவிட முடியாது. முன்பக்கம் பொருந்தாது. புதுத் தகட்டில் செய்துதரவும் ஆள் இருக்கிறார்கள். பெரியப்பா ஒப்பவில்லை. “பழைய தகட்டைத் தட்டிப் பாரு கண்ணு, சத்தமே வேற”ன்னு சொல்லிவிட்டார். இரண்டு வருடம் தேடி, கடைசியில் கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடிக்காத ஒன்று கிடைத்தது. இதை நெளித்துவிட்டால் அடுத்ததுக்கு எங்கே போவது?

முதலில் குட்டி யானையைத்தான் நினைத்தோம். வாடகை குறைவு. ஆனால் டேப் பிடித்துப் பார்த்தால் ஜீப் உடம்பின் அகலம் ஏறக்குறைய 5 அடி, குட்டி யானைத் தொட்டி அதற்கும் குறைவு. பக்கத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு ஏற்றலாம்தான். மலைச் சாலையில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு போனால், எதிரே வரும் பஸ் என்ன செய்யும்? பெரிய பிக்கப்புக்கு மாறினோம்.

ஏற்றுவதற்கு முன்னால் கடைக்கார அண்ணன் செய்த ஒரு வேலையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பழைய ஜீப்புக்குக் கதவு கிடையாது. ஏறுகிற இடம் பெரிய வெட்டு. உடம்பிலேயே பலவீனமான இடம் அதுதான். சேஸிஸில் இருக்கும்வரை தெரியாது. தனியாகத் தூக்கினால் நடுவில் மடங்கப் பார்க்கும். அதனால் இரண்டு பக்கமும் அந்த வெட்டுக்குக் குறுக்கே ஆங்கிள் துண்டு வைத்து வெல்டிங் வைத்துவிட்டார். “மேலே போய்ப் பூட்டின பிறகு அறுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி யார் சொன்னாலும் கழட்டாதீங்க”ன்னு இரண்டு தடவை சொன்னார்.

நான்கு பழைய டயர்களைப் படுக்கப் போட்டு, அதன்மேல் உடம்பை இறக்கினோம். காற்று உள்ளே புகுந்து பாய்மரம்போலத் தூக்கிவிடக் கூடாது என்பதால் அடைப்புள்ள முன்பக்கம் கேபினைப் பார்த்தபடி. கயிறு விளிம்பில் படும் இடத்திலெல்லாம் சாக்கு மடித்து வைத்தோம். இல்லாவிட்டால் தகடு கயிற்றை அறுக்கும், அல்லது கயிறு தகட்டை வளைக்கும். முன் மட்கார்டுகளை நடுவில் பழைய புடவை சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினோம். பெரியம்மாவின் புடவைதான். அக்கா கொடுத்தனுப்பியிருந்தாள்.

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி எல்லாம் சுலபமாகக் கடந்துவிட்டன. ஆழியாறு செக்போஸ்ட்டில் ஒருவர் எட்டிப் பார்த்து, “உடம்பு இங்க இருக்கு, உசிரு எங்கங்க?” என்றார். சிரிப்புதான். ஆனாலும் கேள்வி நியாயமானது. திருட்டு வண்டியை அறுத்துக் கொண்டுபோகிறவர்களும் இப்படித்தானே போவார்கள்! கடை ரசீதும், பெரியப்பா வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்.

ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு நீர் தட்டுப்போல மின்னும். எல்லாரும் போட்டோ எடுக்க, டிரைவர் அண்ணா மட்டும் கயிற்றை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, இரண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். வளைவில் திரும்பத் திரும்ப டயர்கள் அமுங்கி, கயிறு தளர்ந்துவிடுமாம். அட்டகட்டியில் டீ குடிக்கும்போதும் ஒருமுறை பார்த்தார்.

கவர்க்கல்லில் மூடுபனி இறங்கியது. அதன் பின்னாலேயே மழை. தார்ப்பாயை மீறி உடம்புக்குள் தண்ணீர் சேர ஆரம்பித்தது. ஜீப்பின் தரை படியைவிடத் தாழ்வு. ஒரு குட்டித் தொட்டிதான். திரும்பும்போதெல்லாம் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. வண்டியை ஓரம் நிறுத்தி, அண்ணா மேலே ஏறி, தரைத் தகட்டில் இருந்த வடிகால் ஓட்டையைக் குச்சியால் குத்திவிட்டார். பல வருட மண் அடைத்திருந்தது போல. சிவப்பாகக் கொட்டியது. பிறகு ரொட்டிக்கடை வரை பேச்சே இல்லை. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலை ஓர மரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. நாங்கள் அவற்றைப் பார்த்தோமா என்பது நினைவில்லை!

வீட்டு வாசலில் பெரியப்பா குடையோடு நின்றிருந்தார். வந்தவர்களுக்கு “வாங்க” சொல்வதற்கு முன்பே தகட்டை விரல் கணுவால் தட்டினார். நாலு பேர் தூக்கி, சேஸிஸ்மேல் மெதுவாக இறக்கினோம். போல்ட் ஓட்டைகள் நேராக வருகிறதா என்று அவரே டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தார். ஆறு நேராக நின்றன. பின்னால் ஒன்று அரை விரல் தள்ளி நின்றது.

“அது பரவாயில்ல. அந்தப் பக்கம் சேஸிஸே கொஞ்சம் சாஞ்சிருக்கும். உங்க அக்கா பொறந்த அன்னிக்கு 22-வது வளைவுல கல்லுல ஏத்தினேன்”ன்னார். அதுவரை அந்தக் கதையில் கல் வந்ததே இல்லை. அக்காவுக்கு உடனே போன் போட்டேன்.