கால் மில்லிமீட்டர்

கலிபோர்னியாவின் மலைத்தடங்களில் எங்கள் தாய்மாமா நெடுங்காலம் ஓட்டிய 1970ஆம் ஆண்டு ஹோண்டா சி.டி.90 மோட்டார் சைக்கிள், அவர் மறைவுக்குப்பின் எங்களிடம் வந்தது. ஈராண்டில் நீலப்புகை கக்கியது. 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் தேய்ந்து வட்டம் குலைந்திருந்தது. புதிய ரிங்குகள் மட்டும் போதுமென்றோம். மாமாவின் பயணங்கள் தேய்த்த சுவரைக் கடைய மனம் ஒப்பவில்லை என்று காரணமும் சொன்னோம். பட்டறை முதியவர் இசையவில்லை. வட்டம் குலைந்த சிலிண்டரில் ரிங் படியாது. எண்ணெய் மேலேறி எரியும் என்றார். பின்பு, எண்ணெய் அளவை எப்போது பார்த்தீர்கள் என்று வினவினார். ஒரு லிட்டர் எண்ணெயும் கொள்ளாத எஞ்சின் அது. நாங்கள் பார்த்ததேயில்லை. சுவரைத் தேய்த்தவர் மாமா மட்டும் அல்லர்.

கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்தித் தந்தார். இப்போது ஞாயிறுதோறும், திருப்பலிக்குப் புறப்படுமுன், எண்ணெய்க்கோலை உருவிப் பார்க்கிறோம்.